கேமரா வைத்த ஸ்பீக்கரும் வின்சென்ட் சாரின் துண்டும்

1. மேஜை மேல் எட்டுப் பேர்

ஹோம் தியேட்டர் பகுதியிலிருந்து என்னை ஸ்மார்ட் ஸ்பீக்கர் மேஜைக்கு மாற்றிய முதல் நாள், காலை பதினொரு மணிக்குள் என் மானம் போய்விட்டது.

எங்கள் கடை தி. நகரில், முதல் மாடி. மேஜையில் எட்டு டெமோ பீஸ். அவற்றில் ஐந்து ஒரே கம்பெனி. ஐந்துக்கும் கூப்பிடும் பெயர் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியாது. ஒரு குடும்பம் வந்து நின்றது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெயர் சொல்லி அழைத்து, மழை வருமா என்று கேட்டேன். ஒன்று மழை வரும் என்றது. இன்னொன்று கோயம்புத்தூர் வானிலையைச் சொன்னது. மூன்றாவது தனக்கு நெட் கனெக்‌ஷன் இல்லை என்று வருத்தப்பட்டது. மிச்சம் இரண்டும் ஏதோ பாட்டுப் போட்டன. நான் "நிறுத்து, நிறுத்து" என்று தமிழில் கத்த, குடும்பம் மெதுவாக வாஷிங் மெஷின் பக்கம் நகர்ந்துவிட்டது.

எங்கள் ஃப்ளோர் மேனேஜர் அன்வர் பாய் வந்தார்.

"இன்னா நைனா, மீன் மார்க்கெட் மாதிரி கீது? ஒண்ணைத் தவிர மத்ததுக்கெல்லாம் மைக்கை ஆஃப் பண்ணு."

"மைக் எங்க பாய் இருக்கு?"

"தலையில கீது பாரு பட்டன். அமுக்கினா சிவப்பு லைட்டு வரும். உனக்கும் அந்த மாதிரி ஒரு பட்டன் வெச்சிருந்தா இந்தக் கடை எங்கியோ போயிருக்கும்."

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கடையில் எனக்குப் பெயர் எஃப்.எம். இருபத்தைந்து வருடமாக ஆடியோ விற்கிறேன். என் தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான்: கஸ்டமரைப் பேச விடக் கூடாது. அவர் வாயைத் திறந்து முதல் வார்த்தையைச் சொன்னதும் மிச்சத்தை நானே சொல்லி முடித்துவிடுவேன். ஹோம் தியேட்டரில் இது தவறியதே இல்லை. ஹோம் தியேட்டர் வாங்க வருகிற எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான். வாங்கிய விஷயம் பக்கத்து ஃப்ளாட்டுக்குத் தெரிய வேண்டும். பேஸ் சத்தத்தை ஏற்றி ஒரு பாட்டைத் தட்டிவிட்டால் பில் போட்டுவிடலாம்.

இதே வித்தையை ஸ்மார்ட் ஸ்பீக்கருக்கும் கொண்டுவந்தேன். இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது.

2. பத்து இன்ச் திரை

அப்புறம் ஒரு நாள், மதியம் மூன்று மணிக்கு ஆட்டோவில் ஒரு தம்பதி வந்து இறங்கினார்கள். சாந்தோமிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். அந்த அம்மா ஸ்டெல்லா டீச்சர், ரிட்டயர் ஆனவர். கணவர் வின்சென்ட் சார், பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். ஊன்றுகோல் இருந்தாலும் டி-ஷர்ட்டை டக் இன் செய்து, வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார்.

டீச்சர் விஷயத்தைப் பாடம் நடத்துவது போலத் தெளிவாகச் சொன்னார்.

"தம்பி, இவருக்கு ஆறு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக். வலது கை சரியா வராது. பேச்சு வருது, ஆனா நிதானமா வரும். நான் சாயங்காலம் சர்ச் பாரிஷ் ஹால்ல லேடீஸுக்கு இங்கிலீஷ் கிளாஸ் எடுத்துட்டிருந்தேன். இவருக்காக நிறுத்திட்டேன். வர்ற திங்கட்கிழமை சேர்ந்தா சேருங்க, இல்லன்னா வேற ஆளைப் போட்டுடறோம்னு சொல்லிட்டாங்க. நான் இல்லாத ரெண்டு மணி நேரம் இவர் லைட்டு, ஃபேன் போட்டுக்கணும். ஏதாவதுன்னா என்னைக் கூப்பிடணும். இந்தச் சின்ன உருண்டையா, அந்த டி.வி. மாதிரி இருக்கே அதுவா, எது நல்லது?"

இத்தனை தெளிவாகச் சொன்ன பிறகும் ஒருவன் தப்பாக விற்க முடியுமா? முடியும். என்னிடம் வாருங்கள், சொல்லித் தருகிறேன்.

"மேடம், யோசிக்கவே வேணாம், ஸ்கிரீன் மாடல்தான்" என்றேன். பேஸை ஏற்றி ஒரு பாட்டைத் தட்டிவிட்டேன். மேஜை அதிர்ந்தது. "கேமரா இருக்கு பாருங்க. கிளாஸ்ல இருந்தே மொபைல்ல சார் என்ன பண்றார்னு பார்த்துக்கலாம். அவர் தூங்கறாரா, முழிச்சிருக்காரா, எல்லாம் தெரியும்!"

டீச்சர் முகம் மலர்ந்தது. வின்சென்ட் சார் வாயைத் திறந்தார்.

"எனக்கு…"

"உங்களுக்குத்தான் சார்! பத்து இன்ச் திரை. கிரிக்கெட் ஸ்கோர்கூட பார்க்கலாம்."

"இல்ல… அந்த…"

"அந்தச் சின்னது வேணாம் சார், அது தனியா இருக்கிற பசங்க பாட்டு கேக்க வாங்கறது."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஃபேனுக்கும் லைட்டுக்கும் ஸ்மார்ட் சுவிட்சு சேர்த்து பில் போட்டாயிற்று.

3. டீச்சர் தனியாக வந்தது

நான்காம் நாள் வியாழக்கிழமை டீச்சர் மட்டும் வந்தார்.

"என்ன மேடம், ரிப்பேரா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. என் வீட்டுக்காரர்தான் ரிப்பேர் ஆயிட்டார்."

வீட்டில் நடந்தது இதுதான். வின்சென்ட் சார் அந்த ஸ்பீக்கர் மேல் துண்டைப் போட்டு மூடுகிறார். டீச்சர் எடுக்கிறார். அவர் மறுபடியும் மூடுகிறார். கூப்பிட்டுப் பார்த்தாலும் பயனில்லை. அவர் அதன் பெயரைச் சொல்லி, மூச்சு வாங்கி, அடுத்த வார்த்தைக்கு வருவதற்குள் அது 'சாரி, புரியலை' என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அணைந்துவிடுகிறது.

"நேத்துலேர்ந்து என்கிட்டயும் பேசறதில்ல. கிளாஸுக்கு வரலன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். வேற என்ன பண்றது?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். கோபக்காரக் கஸ்டமருக்குப் பத்து பதில் வைத்திருக்கிறேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

அன்வர் பாயிடம் போனேன்.

"பெட்டி பிரிச்சாச்சு, பீஸ் வேலை செய்யுது, ரிட்டர்ன் கெடையாது. ரூல் உனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு டீச்சரைப் பார்த்தார். என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஏ.சி. பெட்டிகளுக்குப் பின்னால் நிறுத்தினார். "வித்தது உன் வாய்தானே? நாளைக்கு உனக்கு வீக் ஆஃப். அந்தச் சின்ன டெமோ பீஸை எடுத்துக்கினு அவங்க வூட்டுக்குப் போ. இன்னா வேணும்னு பாரு. மாத்தணும்னா எக்ஸ்சேஞ்சுக்கு நான் மேல பேசறேன். டெமோ பீஸ் உடைஞ்சுதுன்னா உன்னை மேஜை மேல உக்கார வெச்சு டெமோ காட்டுவேன்."

4. காலி டம்ளர்

வெள்ளிக்கிழமை காலை ஆதம்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து வண்டியில் சாந்தோம் போனேன். இரண்டாவது மாடி. ஹாலில் அந்த ஸ்பீக்கர், நீலக் கோடு போட்ட துண்டைப் போர்த்திக்கொண்டு, சலூனில் முடி வெட்ட உட்கார்ந்தவர் மாதிரி இருந்தது. எதிரில் பிரம்பு நாற்காலியில் வின்சென்ட் சார்.

நான் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். வைஃபை ரூட்டர் தூரத்தில் இருக்கிறது, ஃபேன் சத்தம் குறுக்கே வருகிறது, துண்டு மைக்கை அடைக்கிறது. பத்து நிமிடம் பேசியிருப்பேன்.

"எனக்கு…" என்றார் அவர்.

"தெரியும் சார், உங்களுக்குப் பழகறதுக்குக் கொஞ்சம்…"

அவர் இடது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினார். கிரவுண்டில் ஐந்நூறு பிள்ளைகளை நிறுத்திய கை அது. என் வாய் தானாக நின்றது. முதுகுகூட நிமிர்ந்தது.

"மிஸ்டர்… நீயும்… இந்த டப்பாவும்… ஒண்ணு. ரெண்டும்… என்னை… முடிக்க விடல."

சமையலறையில் டீச்சர் சிரித்த சத்தம் கேட்டது. உடனே இருமலாக மாறியது.

டீச்சர் கொடுத்த காபி கையில் இருந்தது. என் வாய்க்கு வேறு பூட்டு தெரியாததால் டம்ளரை உதட்டில் வைத்துக்கொண்டேன். காபி தீர்ந்தது. காலி டம்ளரையும் குடித்துக்கொண்டே இருந்தேன். அந்த இடைவெளியில் அவர் பேசினார்.

"சர்வீஸ் பூரா… பசங்களை… நான் வாட்ச் பண்ணினேன். இப்ப என்னை… யாரும்… வாட்ச் பண்ண வேணாம்."

டீச்சர் வாசலில் வந்து நின்றார். "விழுந்துட்டீங்கன்னா? நான் பார்க்காம எப்படித் தெரியும்?"

"நீ பார்த்தா… விழாம… இருப்பேனா?"

"பாருங்க தம்பி, இதான் இவர் பதில்!"

"ஸ்டெல்லா… நீ கிளாஸுக்குப் போ. நான்… கூப்பிடறேன். ஆனா… நான் கூப்பிட்டா… மட்டும்."

கேமரா வேண்டாம், காது மட்டும் போதும். கடையிலேயே இதைத்தான் சொல்ல வந்திருக்கிறார். நான் கிரிக்கெட் ஸ்கோர் காட்டியிருக்கிறேன்.

டம்ளரைக் கீழே வைத்தேன். இருபத்தைந்து வருடத்தில் கஸ்டமரிடம் நான் உண்மையாகக் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "சார், விழுந்தா எங்க விழுவீங்க?"

டீச்சர் என்னை முறைத்தார். வின்சென்ட் சாருக்கு முகம் பளிச்சென்றது. "நல்ல… கேள்வி." ஊன்றுகோலால் காட்டினார். பாத்ரூமுக்குப் போகும் வழி.

அந்த இடத்தில் ஒரு செருப்பு ஸ்டாண்டு இருந்தது. சின்ன உருண்டையை அதன் கீழ்த் தட்டில் வைத்து, டீச்சரின் மொபைலோடு இணைத்தேன். பிறகு, எண்பத்தைந்து கிலோ எடையுள்ள நான், அந்தத் தரையில் நீட்டிப் படுத்தேன். சாரைப் போல மெல்லிய குரலில், நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டேன். பாதியிலேயே சாரி சொல்லிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. பேச்சை வெட்டினால் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் புரிந்தது.

படுத்தபடியே மொபைல் ஆப்பில் செட்டிங்ஸைத் தோண்டினேன். பேசுகிறவர் முடிக்கும் வரை கூடுதல் நேரம் காத்திருக்கச் சொல்லும் வசதி ஒன்று உள்ளே இருந்தது. இரண்டு வருடம் இதை விற்றவனுக்கு இது தெரியாது. கஸ்டமர் கேட்டால்தானே தெரியும்? நான் எங்கே கேட்க விட்டேன்!

மறுபடியும் கூப்பிட்டேன். பெயர். இடைவெளி. இங்கிலீஷில் 'கால்'. இடைவெளி. ஸ்டெல்லா. உருண்டை பொறுமையாக இருந்தது. டீச்சரின் மொபைல் அடித்தது. நான் இரண்டடி தூரத்தில் படுத்திருந்தும் அவர் முறையாக எடுத்துப் பேசினார்.

"ஹலோ?"

"டீச்சர், நான் விழுந்துட்டேன்."

"தெரியுது. எழுந்திரிங்க, அங்க இன்னும் பெருக்கல."

வின்சென்ட் சார் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்புக்கு அவருக்கு இடைவெளி தேவைப்படவில்லை. "இப்ப… என் டர்ன்" என்றார்.

ஊன்றுகோலோடு வந்து நின்று பெயரைச் சொன்னார். மூச்சு வாங்கினார். "ஃபேன்…" என்றார். உதடு அடுத்த வார்த்தையைத் தேடியது. எனக்கு நாக்கு துடித்தது. டீச்சருக்கும்தான், அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "…ஆன்."

ஃபேன் சுற்றியது.

பெரியதைக் கொடுத்துவிட்டு இரண்டு சின்னது வாங்கிக்கொள்ள முடிவாயிற்று. ஒன்று செருப்பு ஸ்டாண்டில், ஒன்று நாற்காலி பக்கத்தில். கிளம்பும்போது கடையில் யாரும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன்: "கரண்ட் போனா, நெட் போனா இது வெறும் உருண்டை. எதிர் ஃப்ளாட்டுல ஒரு சாவி கொடுத்து வைங்க." விற்கும் பொருளைப் பற்றிக் குறை சொல்லி முடித்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

5. திங்கட்கிழமை

அன்வர் பாய் சொன்னபடி மேலே பேசி, சனிக்கிழமையே மாற்றிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கடையில் என் மொபைல் அடித்தது. டீச்சர்.

"தம்பி, கிளாஸ் நடுவுல கால் வந்துச்சு. வீட்டு ஸ்பீக்கர் பேரு மொபைல்ல வருது. மொபைலை லவுட் ஸ்பீக்கர்ல போட்டு ஹலோங்கறேன், சத்தமே இல்ல. 'விழுந்துட்டீங்களா, விழுந்துட்டீங்களா'ன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துடுச்சு. உங்களை நினைச்சேன், வாயை மூடிக்கிட்டேன். கிளாஸே எழுந்து நிக்குது."

"அப்புறம் டீச்சர்?"

"'ஸ்டெல்லா… ஃபேன்… நானே… போட்டேன்'னார்."

குறுக்கே பேசாமல் மேலே கேட்டேன். இது என்னைத் தெரிந்தவர்களுக்குப் பெரிய செய்தி.

"அதுக்கா கூப்பிட்டீங்கன்னு கேட்டேன் தம்பி. கொஞ்ச நேரம் கழிச்சு, 'இல்ல… இப்ப… ஆஃப்… பண்ணிட்டேன்'னார். கிளாஸ்ல அத்தனை பேரும் கை தட்டினாங்க."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எந்த ஸ்பீக்கர் நல்லது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. வாங்குகிற வீட்டில் யார் பேசப் போகிறார்கள், எங்கிருந்து பேசுவார்கள், தன்னைப் பார்ப்பது யாருக்குப் பிடிக்காது, இவற்றைக் கேளுங்கள். டெமோவை நீங்கள் பேசிக் காட்டாதீர்கள், கஸ்டமரைப் பேச விடுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதற்குள் அவர் முடித்துவிடுவார், அல்லது அவருக்கு வேண்டியதைச் சொல்லத் துணிவு வந்துவிடும்.

நானும் பழகிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு ஆறு வரை வந்திருக்கிறேன்.