ஆர்டிஸ் குவாம் வில் வாங்குகிறார்

வில்லின் கைப்பிடியில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்க்கிறார் ஆர்டிஸ் குவாம். பிறகு அதைக் கழற்றிப் பக்கத்து வில்லுக்கு மாட்டுகிறார். மனசு கேட்காமல் மறுபடியும் பழைய வில்லுக்கே மாட்டுகிறார். கடிதக் கட்டுகளுக்குப் போடும் ரப்பர் பேண்டுகள் ஏழெட்டு அவருடைய இடது மணிக்கட்டில் எப்போதும் வளையல் மாதிரி கிடக்கும். பிடித்த வில்லுக்கு ஒன்று, ரொம்பப் பிடித்ததற்கு இரண்டு என்பது மே மாதத்து ஏற்பாடு. ஜூலையில் பார்த்தால் கடையில் அவர் பார்த்துவைத்த ஐந்து வில்களிலும் மூன்று மூன்று தொங்கின.

"மூணு இருந்தா வேணும்னு அர்த்தமா, வேண்டவே வேண்டாம்னு அர்த்தமா?" என்று என்னிடம் கேட்டார்.

"மாட்டினது நீங்க, ஆர்டிஸ்."

"அது தெரியுதுப்பா. எதுக்கு மாட்டினேன்னுதான் தெரியல."

ஆர்டிஸ் ஐம்பத்தேழு வயதுப் பெண். மேற்கு விஸ்கான்சினில், எங்கள் ஊரைச் சுற்றியுள்ள பண்ணைச் சாலைகளில் முப்பது வருடமாகத் தபால் கொடுக்கிறார். வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் ஜீப். ஜன்னல் வழியே வலது கையை நீட்டி நாளைக்கு நானூற்றுச் சொச்சம் பெட்டிகளைத் திறந்து மூடுவார். வேலை முடிந்ததும் மார்வ் ஸ்ட்ரூபெலின் வில் கடைக்கு வந்துவிடுவார், கையில் ஒரு பை சீஸ் கட்டியோடு. கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால், "இது நேத்தையது, நீ தின்னு" என்று மார்விடம் தள்ளிவிடுவார். அந்தக் கடையில் நான் பத்தொன்பது வருடமாக நாண் கட்டுகிறேன். இப்படிக் குழம்புகிற ஆளை நான் பார்த்ததில்லை. என்னை இப்படிக் குழப்பியவரும் வேறு யாருமில்லை.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? வேகமான வில்தான் வேண்டும் என்பார் மார்வ். எடை குறைவாக இருந்தால் போதும் என்பாள் மார்வின் மகள். ஆர்டிஸின் கணவருடைய தம்பி லைல் குறுக்குவில் கட்சி. "துப்பாக்கி மாதிரி விசையை அழுத்துனா முடிஞ்சுது அண்ணி. இந்த வயசுல எதுக்கு இந்த மல்லுக்கட்டு?" என்பான்.

"உனக்கு அம்பத்திரண்டு, எனக்கு அம்பத்தேழு. இதுல என்னடா இந்த வயசு, அந்த வயசு?"

எல்லார் சொன்னதையும் ஒரு பழைய உறையின் பின்னால் எழுதிக்கொள்வார். மறுவாரம் அந்த உறையைத் தொலைத்துவிட்டு வருவார்.

சிரித்துக்கொண்டேதான் இதையெல்லாம் சொல்கிறேன், ஆனால் சங்கதி சிரிப்பல்ல. போன நவம்பரில் ஆர்டிஸ் விட்ட அம்பு ஒரு பெண்மானின் பின்வயிற்றில் பட்டது; அப்படி அடிபட்ட மான் ஓடிப்போய் மெல்ல மெல்லத்தான் சாகும். இரண்டு நாள், கணவரும் லைலும் கூட வர, இலைச்சருகில் ரத்தத்துளி தேடி அலைந்தார். அம்புதான் கிடைத்தது, மான் கிடைக்கவில்லை. அந்த அம்பை ஜீப்பில், வெயில் மறைப்பானுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். அது எதனால் நடந்தது என்று கேட்டால் ஒருநாள் நாண் பழசு என்பார், மறுநாள் காற்று என்பார், இன்னொரு நாள் மான் நகர்ந்துவிட்டது என்பார். "வில்லு சரியில்லையா, நான் சரியில்லையான்னே புரியலப்பா. நான்தான்னா இனிமே காட்டுக்குப் போக மாட்டேன்" என்று ஒருமுறை சொன்னார்.

காம்பவுண்டு வில்லை இழுக்கும்போது பாதிவரைக்கும்தான் பாரம். இரு முனையிலும் உள்ள சக்கரங்கள் புரண்டுவிட்டால் கை லேசாகிவிடும். அந்தப் பாதியைத் தாண்டத்தான் ஆர்டிஸ் வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கி, உடம்பை முறுக்கி இழுப்பார். அந்த அசைவைப் பார்த்தால் எந்த மானும் நிற்காது. ஐந்து வில்லையும் அப்படியேதான் இழுத்தார். இழுக்கும் பாரத்தில் சில பவுண்டு குறைத்துக் கொடுத்தேன், அப்போதும் தூக்கினார்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை. கடை மூலையில் ஓர் இடக்கை வில் நான்கு வருடமாக விற்காமல் கிடந்தது. மார்வ் அதைத் தன் மழைக்கோட்டு மாட்டத்தான் வைத்திருந்தார். ஆர்டிஸ் கோட்டை எடுத்து நாற்காலியில் போட்டார், வில்லை வலது கையில் பிடித்தார், ஏதோ நினைவில் இடது கையால் நாணை இழுத்தார். வில் மேலே எழும்பவே இல்லை. சக்கரங்கள் சத்தமில்லாமல் புரண்டன.

"ஆர்டிஸ், அப்படியே மெதுவா விடுங்க" என்றேன். விட்டார். "இப்ப ரெண்டு கையையும் நீட்டி, நடுவுல சின்ன ஓட்டை மாதிரி வெச்சு, அது வழியாச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்க. இடது கண்ணை மூடுங்க."

"கடிகாரத்தைக் காணோமே!"

"அதைத் திறந்து, வலது கண்ணை மூடுங்க."

"இப்ப இருக்கு."

குறி பார்க்கும் கண் அவருக்கு இடது. வலக்கைக்காரர் என்பதால் வலக்கை வில் வாங்கி, முப்பது வருடம் நல்ல கண்ணை மூடிக்கொண்டு எய்திருக்கிறார். தபால் பெட்டிகள் தின்றுவிட்ட அந்த வலது தோளால்தான் இழுத்தும் இருக்கிறார். வில் கடைக்காரன் முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய சோதனை இது. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

"அப்ப அந்த மான் விஷயம் என்னாலயா, வில்லாலயா?" என்றார். பிறகு தன் மணிக்கட்டிலிருந்த ரப்பர் பேண்டு அத்தனையையும் கழற்றி அந்த வில்லில் மாட்டினார்.

வாங்கிய அன்றே ஒரு விதியும் போட்டுக்கொண்டார். இருபது கஜத்தில் ஒரு பேப்பர் தட்டு, ஆறு அம்பு. ஆறும் தட்டுக்குள் விழாமல் காட்டுக்குள் கால் வைப்பதில்லை. ஐந்து வாரம் தினமும் வந்தார். புதுக் கை, சின்னப்பிள்ளை எழுத்து மாதிரி முதலில் கோணியது. மூன்று விழுந்தது, பிறகு நான்கு.

வில்வேட்டைப் பருவம் தொடங்கும் சனிக்கிழமை ஊரே விடியுமுன் காட்டுக்குப் போய்விடும். அன்று காலை எட்டு மணிக்கு ஆர்டிஸ் கடையின் பின்கட்டில் நின்றிருந்தார். காட்டில் மானுக்காக மறைந்து உட்காரும் மரப்பரணைத் தயார் செய்துவிட்டு அவரைக் கூட்டிப்போக வந்த லைல் வாசலில் காத்திருந்தான். இரண்டு கண்ணையும் திறந்தபடி ஆறு அம்பு விட்டார். ஐந்து தட்டுக்குள். ஆறாவது தட்டின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது.

"தட்டைத் தொட்டுடுச்சு அண்ணி! தொட்டா உள்ளதான் கணக்கு. வாங்க, நேரமாகுது."

ஆர்டிஸ் அந்தக் கிழிசலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். ஆறு அம்பையும் பிடுங்கினார். தட்டைக் கழற்றி லைலின் கையில் கொடுத்துவிட்டு, அடுக்கிலிருந்து புதுத் தட்டு ஒன்றை உருவி இலக்கில் குத்தினார்.