என் வீட்டுக்காரருக்கு வைத்த சிலை

கனடாவில், மொன்றியலில் என் வீட்டுக்காரருக்குச் சிலை இருக்கிறது. சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. சிலையைப் பார்த்தாலும் நம்பமாட்டார்கள்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் ஒரு பின்லாந்துச் சிற்பியின் பட்டறையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். நான் கூட்டுவேன், அவர் கொட்டுவார். காலையில் ஒரு 'பொன்ஜூர்', பின்னேரம் ஒரு 'மெர்சி', இடையில் ஆறு கோப்பை கறுப்புக் கோப்பி. அவ்வளவுதான் அவர் பேச்சு. வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பான சட்டம். உள்ளே தரை முழுக்கக் களிமண், அதில் காலுறையோடு நடப்போம். எங்கள் ஆட்களுக்கும் பின்லாந்துக்காரருக்கும் இருக்கிற ஒரே பொருத்தம் அதுதான்.

தளபதிகளையும் பாதிரியார்களையும் செய்து நாற்சந்திகளில் நிறுத்தியே தலை நரைத்தவர். ஒருநாள் கேட்டார்: "டோர்வலில் ஒரு பூங்காவுக்குச் சுமை தூக்குகிறவர்களுக்காக ஒரு சிலை செய்கிறேன். அப்படி யாரையாவது தெரியுமா?" அந்த மாதத்தில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. என் வீட்டுக்காரர் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றுகிறவர். சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடியமுதல் எங்கள் தேவாலயப் பங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. "எனக்குச் சிலை வைக்கினம்" என்று தேவாலய வாசலில் நின்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். "உயிரோட இருக்கேக்கயே வைக்கினமோ அண்ணை?" என்று பாடகர் குழுத் தம்பி ஒருவர் கேட்டார். இவருக்கு அது பாராட்டாகவே கேட்டது.

வேலை உடுப்போடு வரச் சொல்லியிருந்தார் சிற்பி. இவர் கலியாண வீட்டுக் கோட்டும் டையும் போட்டு, எண்ணெய் வைத்துத் தலை இழுத்து, மீசையைக் கத்தரித்துக்கொண்டு போனார். ஸ்டூடியோவில் படம் பிடிக்க நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி நின்றார். சிற்பி களிமண்ணைப் பிடிப்பார், பார்ப்பார், உடைப்பார். ஆறு சனிக்கிழமை இப்படியே போனது. "உங்கள் கணவர் ஏன் மூச்சு விடுவதில்லை?" என்று என்னைக் கேட்டார். எங்கள் வீட்டு அல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் சும்மா நில்லுங்கோவன்."

"ஊர் பாக்கிற இடத்தில நிக்கப்போறன். கூனிக்கொண்டு நிக்கச் சொல்லுறீரோ?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நாள் முழுக்கக் குனிந்து பெட்டி தூக்குகிற மனிதர் ஓர் இடத்திலாவது நிமிர்ந்து நிற்க ஆசைப்பட்டார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பனிக்காலத்தில் நான் ஐஸில் சறுக்கி விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. நடப்பேன், குனிய முடியாது. என் பூட்ஸுக்கு இவர்தான் கயிறு கட்ட வேண்டும். பங்கு ஆட்களின் வீடுகளுக்குப் போனால், "நீர் ஆறுதலா வாரும்" என்று சொல்லி, எல்லாரும் வெளியே போகும்வரை வாசலில் நின்று சுவர்ப்படம் பார்ப்பார். கடைசி ஆள் போனபிறகுதான் குனிவார். பெண்சாதியின் காலடியில் இருந்ததை ஒருவர் கண்டாலும் போதும், மானம் போய்விடும் அவருக்கு. பட்டறை வாசலில் மட்டும் அந்தக் கவலை இல்லை. அங்கே பார்ப்பதற்கு யார், ஒரு கிழவர்தானே?

ஆறாவது சனிக்கிழமை புறப்படும்போது சிற்பி சொன்னார்: "போதும், இனி வர வேண்டாம்."

"என்ர முகம் அவருக்குப் பாடமாயிட்டுது" என்றார் இவர்.

அதற்குப் பிறகு சிற்பி களிமண்ணை ஈரச் சாக்கால் மூடியே வைத்திருந்தார். நானும் பார்க்கவில்லை.

திறப்பு விழா அடுத்த இலையுதிர் காலத்தில். பங்கு ஆட்கள் பஸ் பிடித்து வந்தார்கள். மாலையும் இருந்தது. துணியை இழுத்தார்கள்.

வெண்கலத்தில் ஒரு மனிதர் முழங்காலை ஊன்றிக் குனிந்து, வெறும் பூட்ஸ் ஒன்றுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கோட்டுத் தலைப்பு நிலத்தில் கிடந்தது. முகம் தெரியவில்லை. உச்சி வழுக்கை மட்டும் அச்சொட்டாக இருந்தது. நகரசபைக்காரர் உழைப்பு, பணிவு என்று பிரெஞ்சில் ஏதோ விளக்கினார். "நிற்கிறவர்களை நிறையச் செய்துவிட்டேன்" என்றார் சிற்பி. அதோடு அவர் உரை முடிந்தது.

சிலையின் கழுத்தில் போட்ட மாலை வழுக்கி வழுக்கி விழுந்தது. இவர் அதை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். பாடகர் குழுத் தம்பி விடவில்லை. "அண்ணை, ஆரின்ர சப்பாத்து அது?"

எல்லாரும் சிரித்தார்கள். இவர் முகம் கறுத்துப்போயிற்று. என்னால்தானே இந்த அவமானம்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது என் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிட்டது. இடுப்பு இன்னும் குனிய விடவில்லை. பின்னால் பங்கு முழுக்க வந்துகொண்டிருந்தது. இன்றைக்குப் போய் இவரைக் குனிய வைப்பதா என்று, காலை இழுத்து இழுத்து நடந்தேன். கண்டுவிட்டார். நின்று திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த மாலையை அந்தத் தம்பியிடம் கொடுத்தார்.

"இதைப் பிடியும்."

முழங்காலை ஊன்றிக் குனிந்து, நடுவழியில், அவசரப்படாமல் என் கயிற்றை இரட்டை முடிச்சாகக் கட்டினார். பிறகு நிமிராமலே சொன்னார்:

"இவவின்ரதான்."