டெய்லரக்கா சொன்ன அளவு

டெய்லரக்காவுக்கு ஒரு பழக்கம். இடுப்பளவை வாய்விட்டுச் சொல்லும்போது மூன்று இன்ச் குறைத்துச் சொல்வாள். நோட்டில் மட்டும் சரியாக எழுதிக்கொள்வாள். வந்தவள் முகமும் சுருங்கக்கூடாது, தைத்த துணியும் இறுக்கிப் பிடிக்கக்கூடாது. இருபது வருடமாகக் கடை இப்படித்தான் ஓடுகிறது.

அவள் எடையே நூற்றிருபது கிலோ. சர்க்கரை பார்க்கப் போன நாளில் கிளினிக் நர்ஸ் வயிற்றை அளக்க அளவு நாடாவைத் தேடிக்கொண்டிருந்தாள். டெய்லரக்கா கழுத்திலேயே ஒன்று தொங்கியது. கழற்ற மறந்து வந்திருந்தாள். தானே வயிற்றைச் சுற்றிப் பிடித்து, "நாப்பத்தெட்டு" என்றாள். நர்ஸ் அவளிடம் துணி தைக்கக் கொடுப்பவள்தான், நம்பி எழுதிக்கொண்டாள்.

"சர்க்கரை ஏறியிருக்கும்மா. வயித்துல சேர்ற கொழுப்புதான் இதுக்குப் பெரிய காரணம். இனிமே எடையோட இந்த அளவும் குறையுதான்னு மாசாமாசம் பாக்கணும்," என்றார் டாக்டரம்மா.

டெய்லரக்கா நேராக நர்சிடம் வந்தாள்.

"அந்த நாப்பத்தெட்டை அடிச்சிட்டு அம்பத்தொண்ணுன்னு எழுதும்மா. வாய்ப் பழக்கம். யார் மனசும் நோகக்கூடாதுன்னு எல்லாருக்கும் மூணு இன்ச் குறைச்சேதான் சொல்லுவேன்."

நர்ஸ் திருத்தி எழுதினாள். பேனாவை மூடப் போனவள் அப்படியே நின்றாள்.

"அப்ப எனக்கு முப்பத்தாறுன்னு சொன்னீங்களேக்கா, அது?"