குழிக்குள் இறங்கியவர்

அருள்தாசன் பாஸ்டர் மோசம்போன செய்தி வந்தபோது நான் மன்னார் மீன் சந்தையில் பாரை மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் கோவிலின் பங்குச் சபைச் செயலாளர் என்பதால் ஊரில் யார் கண்ணை மூடினாலும் முதல் அழைப்பு எனக்குத்தான். "பாஸ்டர் முடிஞ்சுபோனார் அண்ணை. மரியநேசம் அக்காவுக்குப் பக்கத்தில வைக்கவேணும் எண்டு மகள் கேக்கிறா," என்றார் எங்கள் கோவில் மூப்பர். மீனை வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். துக்கத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. அவருடைய மனைவி மரியநேசம் அக்கா அடக்கமாகிக் கிடப்பது எங்கள் கத்தோலிக்கச் சேமக்காலையில். பாஸ்டரின் புரட்டஸ்தாந்துச் சபைக்காரரை அங்கே அடக்குவதில்லை என்று பழைய சண்டையொன்றின்போது பங்குச் சபையில் நாங்களே முடிவெடுத்து வைத்திருந்தோம்.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் கதை புதிதல்ல. அவரும் எங்கள் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவர்தான். இளவயதில் சபைக்குப் போனார், பிறகு அதற்கே பாஸ்டரானார். மனைவி போகவில்லை. ஞாயிறு காலையில் அக்காவுக்குக் குடை பிடித்துக் கோவில் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, அதே குடையோடு தன் சபைக்கு நடப்பார். "மனிசியையே இழுக்கேலாத நீங்கள் ஊரை எப்பிடி இழுப்பீங்கள்?" என்று ஒருமுறை சீண்டினேன். "இழுக்கிறதுக்கு அவ என்ன வலையே? கூட்டிக்கொண்டு வாறன், அது போதும்," என்றார்.

ஒரு தை மாதம் இரு தரப்பும் சேர்ந்து ஒற்றுமைச் செபம் வைத்தோம். யார் முதலில் செபிப்பது என்று தொடங்கிய பேச்சு, யாருடைய ஒலிபெருக்கி என்பதுவரை போனது. ஒற்றுமைக்கு வந்தவர்கள் முகம் பாராமல் கலைய இருந்தார்கள். பாஸ்டர் எழுந்து, "நாங்கள் கடைசியாச் செபிக்கிறம். ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும், ஒலிபெருக்கியும் வேண்டாம்," என்றார். கர்த்தர் கற்பித்த செபத்தை நாங்கள் ஒரு விதமாகவும் அவர்கள் ஒரு விதமாகவும் சொல்வோம். சேர்ந்து சொன்னால் இடறும். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "முன்ன பின்ன போனாலும் ஆமெனில சந்திப்பம்." எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அன்று அவருடைய ஆட்களே அவரோடு கோபித்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊரில் குழி வெட்டக் கூலிக்கு ஆள் பிடிப்பதில்லை. ஊர் ஆண்கள்தான் வெட்டுவோம். எல்லாம் மணல். இடுப்பளவு போனதும் பக்கம் சரியத் தொடங்கும். ஒருவர் உள்ளே இறங்கிப் பலகையை அண்டக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். அந்த வேலை வந்ததும் எங்களுக்கு நாரி நோவும் இடுப்புப் பிடிப்பும் வந்துவிடும். எந்தச் சாவுக்கும் மண்வெட்டியோடு வருகிற பாஸ்டர்தான் இறங்குவார். "மேல நிண்டு மண் தள்ள ஆக்கள் கனபேர். உள்ளதான் இடம் இருக்கு," என்பார். பங்குச் சபைத் தலைவரும் வள்ளங்களின் சொந்தக்காரருமான சம்மாட்டியாரின் தாய்க்கும், மாரி மழையில், அவர்தான் இறங்கினார். அடக்கம் நடத்த எங்கள் கோவில் ஃபாதர் வந்ததும் மேலே ஏறி, மதிலோரம் தலைகுனிந்து நின்று தனக்குள் செபிப்பார்.

நான் போய்ச் சேர்ந்தபோது சம்மாட்டியார் கோவில் முற்றத்தில் நின்றார். "முடிவு முடிவுதான். இண்டைக்கு அவரை விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பினம்," என்றார். "நீங்கள் எடுத்த முடிவு, நீங்கள்தான் மாத்தவேணும்," என்று ஃபாதர் சொல்லிவிட்டார். நான் வாய் திறக்குமுன் மூப்பர் ஓடி வந்தார். "ஒருத்தரையும் கேக்காமல் குழி வெட்டத் தொடங்கிட்டினம்."

சம்மாட்டியார் கோபத்தோடு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். மரியநேசம் அக்காவுக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களும் சபை ஆட்களுமாக இடுப்பளவு வெட்டியிருந்தார்கள். பக்கம் சரிந்துகொண்டிருந்தது. வழக்கமாக இறங்குகிறவர் வீட்டில் பெட்டிக்குள் கிடந்தார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். சம்மாட்டியார் சரிகிற மணலையே பார்த்தார். பிறகு, சற்றுத் தள்ளியிருந்த தன் தாயின் கல்லறையைப் பார்த்தார்.

"என்ன வெட்டு வெட்டுறியள்? அந்த மனிசன் இருந்தா ஏசியிருக்கும்," என்றார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிப் பலகையைக் கேட்டார். அந்த நிம்மதியில்தான் எனக்குக் கண் கலங்கியது. அதுவரை பாஸ்டருக்காக அழவும் மறந்திருந்தேன்.

அடக்கத்தின்போதும் ஒரு வாக்குவாதம் வந்தது. "நீங்கள் முதல் செபியுங்கோ ஃபாதர்," என்றார் சபையின் உதவிப் பாஸ்டர். "இல்லை, நீங்கள் தொடங்குங்கோ," என்றார் ஃபாதர். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சேர்ந்தே தொடங்கினார்கள். எதிர்பார்த்தபடி நடுவில் இடறினோம்.

எங்கள் செபம் சற்றுக் குறுகியது, முதலில் முடிந்துவிடும். ஆமென் சொல்லி நிமிர்வதுதான் எங்கள் வழக்கம். அன்று உடம்பெல்லாம் மணலோடு நின்ற சம்மாட்டியார் எங்கள் பக்கம் திரும்பி, பொறுங்கோ என்பதுபோல் கையைக் காட்டினார். சபைக்காரர் ஆமெனுக்கு வந்து சேரும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றோம். பாஸ்டரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, ஆமெனுக்கு முன்னால் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான்.