கரண்ட் போய் வந்த கண்ணாடி

தொண்ணூறுகளில் மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் நான் புரொடக்‌ஷன் இன்சார்ஜ். ஸ்விட்ச் போட்டால் தெளிந்து, அணைத்தால் பாலாக வெளுக்கும் கண்ணாடி செய்யப் பார்த்தோம். லிக்விட் கிரிஸ்டலைப் பிசினோடு கலந்து, கரண்ட் கடத்தும் பூச்சுள்ள இரண்டு கண்ணாடிக்கு நடுவில் விட்டு, யூ.வி. விளக்கில் வைப்போம். பிசின் இறுகும், கிரிஸ்டல் குட்டிக் குட்டிச் சொட்டாக உள்ளே மாட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் ஆஸ்பத்திரி உடை மாற்றும் அறைக்கான சாம்பிள், ஸ்விட்ச் போடாமலேயே பளிச்சென்று தெளிந்திருந்தது. முதலாளி குதித்தார். நான் யோசிக்கவே இல்லை. "ஸ்டெல்லா எடை தப்பாப் போட்டிருக்கும் சார்" என்றேன். ஸ்டெல்லாதான் கலவையை எடை போட்டு ஊற்றும் எங்கள் ஆபரேட்டர்.

"நாளைலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடுய்யா."

சொன்னேன். அவள் அழவில்லை.

"எடை கரெக்டாத்தான் சார் போட்டேன். அதே கலவைல ஊத்துன மத்த அஞ்சும் வெள்ளையாத்தான கீது? இது மட்டும் கரண்ட் போனப்ப டெஸ்ட்ல இருந்தது."

விளக்கில் வைக்கும் முன் கிளிப் மாட்டி வோல்டேஜ் கொடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். கழற்றினால் பூச்சு கீறுகிறது என்று, கிளிப்போடே விளக்குப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னவன் நான்தான். டெஸ்ட் பாதியில் கரண்ட் போயிருக்கிறது. மீட்டர் முள் சைபரில் நிற்கவே, சப்ளை ஸ்விட்சை அணைக்க மறந்து விளக்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். கரண்ட் வந்ததும் விளக்கும் சப்ளையும் சேர்ந்தே ஓடியிருக்கின்றன.

"கரண்ட் குடுத்தா உள்ள கீற கிரிஸ்டலெல்லாம் நேரா நிக்கும், கண்ணாடி தெளியும்னு நீங்கதான சார் சொன்னீங்க? நிக்கசொல்லோ இறுகிப்பூட்ச்சுன்னா அப்புறம் எப்படி சாயும்?"

எம்.எஸ்சி. பிசிக்ஸ் படித்த எனக்கு முகம் செத்துவிட்டது. என்ன மூளை அந்தப் பெண்ணுக்கு!

"ஒரே ஒரு கண்ணாடி குடுங்க சார், காட்டிட்டுப் போறேன்" என்றாள். பூச்சின் நடுவே ஒரு கோடு சுரண்டி, கலவை ஊற்றி, ஒரு பாதிக்கு மட்டும் கரண்ட் கொடுத்து விளக்கில் வைத்தாள். வெளியே எடுத்தபோது கரண்ட் இல்லாத பாதி பால், கரண்ட் கொடுத்த பாதி கிட்டத்தட்ட தண்ணீர். முதலாளியைக் கூப்பிட்டு, கிளிப்போடு விளக்கில் வைத்ததால் வந்த வினை என்றேன். அவர் அதை ஜன்னலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரிம்மா, நீ வேலையப் பாரு. ஆனா கிளிப்போட வைக்கச் சொன்னது யாரு?"

ஸ்டெல்லா குனிந்து வேறொரு கண்ணாடியைத் துடைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் பெயரைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. என் பெயரை அவள் கடைசிவரை சொல்லவில்லை.

"நான்தான் சார்" என்றேன்.

அதற்குப் பிறகு எந்தக் கண்ணாடி கெட்டாலும், செய்தவரிடம் என்ன நடந்தது என்று கேட்காமல் நான் முதலாளி அறைக்குள் போனதில்லை.