கடிக்கிற மெஷின்

கதவு ஜன்னல் செய்கிற தொழிலில் மரத்தோடு மல்லுக்கட்டுவது பாதிதான், மீதிப் பாதி மெஷினோடு. பழைய மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, விற்க மனசில்லாமலும் ஓட்ட முடியாமலும் முழிக்கிற ஆளா நீங்க? அப்ப இங்கிட்டு வந்து உட்காருங்க, நாம ஒரே கட்சி.

திருமயம் ரோட்டில் என் பட்டறை. அதில் ஒரு வட்ட ரம்ப மெஷின். மூடிப்போன மர மில்லில் வாங்கியது. முழுக்க வார்ப்பிரும்பு, என்னைவிட வயசில் மூத்தது.

டீயாவது மிச்சம்

மூணு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மாசம். என் மனைவியின் தம்பி செல்வம் அதில் தேக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தான். பலகை ரம்பத்தின் பின்பக்கம் மாட்டி, எகிறித் திரும்பி, அவன் வலது கையையும் சேர்த்து இழுத்துவிட்டது. ஆள்காட்டி விரலில் பாதி போச்சு. அதற்கு நாலு நாள் முன்னாடியே, "மச்சான், பலகை பின்னால கடிக்குது" என்றான். "கையை ஒழுங்கா வையி மாப்ள" என்றேன். அடிபட்ட பிறகும் அதையேதான் சொன்னேன்.

அன்றிலிருந்து மெஷினுக்குத் தார்ப்பாய், அவனுக்கு உப்புத்தாள். அவனைப்போல நேராக அறுக்கிற கை இந்தப் பக்கத்தில் கிடையாது. அந்தக் கை பலகை தேய்த்துக்கொண்டிருந்தது. போன கார்த்திகையில், "தை பொறந்தா திருச்சியில ஒரு ஜவுளிக்கடையில சேரப் போறேன்" என்றான்.  அன்றைக்கே தார்ப்பாயை உருவினேன். மெஷினைச் சரிபண்ணி இவனை அதன் முன்னால் நிறுத்தாமல் விடுவதில்லை என்று ஒரு வீம்பு. அந்த நேரம் பார்த்து விராலிமலைப் பழைய இரும்புக்காரர் வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அண்ணே, உள்ள வச்சிருந்தா துருதான் பிடிக்கும், என்கிட்ட குடுத்தா டீயாவது குடிப்பீங்க!"

குளிப்பாட்டு

துரு என்றால் சாதாரணத் துருவா அது! மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, என் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். பேரிங் ரெண்டும் போயிருந்தன. பெல்ட் விறகுக் குச்சி மாதிரி விறைத்துக் கிடந்தது. எல்லாம் புதுசு. மேல்மேஜையைத் தூக்க நாலு ஆள்.

தலைவாசல் கதவுக்கு ஆர்டர் கொடுத்திருந்த காதர் பாய் வந்தார். துபாயிலிருந்து லீவில் வந்திருந்தவர். நான் மெஷினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன், என் கால் மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். குனிந்து பார்த்துச் சொன்னார்: "லீவு முடியறதுக்குள்ள கதவு வேணும்னு நான் கேட்டா, நீங்க மெஷினைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கீங்களே!"

அரை மில்லி

ஓட்டினால் சத்தமெல்லாம் ஜோர். சந்தோஷத்தில் அளந்து பார்த்தேன், அங்கேதான் வினை. பிளேடின் ஒரு பல்லுக்கும், பலகையை ஒட்டித் தள்ளுகிற கைடு பட்டைக்கும் உள்ள இடைவெளியை முன்னால் வைத்து அளந்தேன், அதே பல்லைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய் அளந்தேன். அரை மில்லி வித்தியாசம். பிளேடின் பின்பக்கம் கைடு பக்கம் சாய்ந்திருந்தது. அரை மில்லிதானே என்று நினைக்காதீங்க, பலகையைப் பின்னால் பிடித்து எகிற வைக்க அது போதும்.

மேஜை போல்ட்டைத் தளர்த்தி, தட்டி, நேர்பண்ணி, முடுக்கினேன். முடுக்கினதும் பழையபடி அரை மில்லி. மூணு நாள் இதே கூத்து. "சனியனே!" என்று ஸ்பேனரை விட்டெறிந்தேன், பிறகு நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். பேரிங் போட்டுத் தந்த லேத் பட்டறை மாரியப்பன் ஒருநாள் முழுக்கக் கூட இருந்து பார்த்துவிட்டு எழுந்தார். "பொறக்கும்போதே கோணலா வந்த மெஷின் இல்லண்ணே இது, நடுவுல யாரோ கை வச்சிருக்காங்க."

பச்சைக்குக் கீழே நீலம்

யார் கை வைத்தது? மறுபடி நாலு ஆளைப் பிடித்து மேஜையைத் தூக்கினேன். மேஜை உட்காருகிற நாலு மூலையிலும் பெயிண்ட். உளியால் சுரண்டினேன். பச்சை, அதற்குக் கீழே நீலம். ஒரு மூலையில் மட்டும் பெயிண்ட் வழிந்து கட்டியாக உறைந்திருந்தது. போல்ட்டை முடுக்கும்போதெல்லாம் மேஜை அதன்மேல் ஏறி நொண்டிக் கோணிக்கொண்டிருந்திருக்கிறது.

உளியைக் கீழே வைத்தேன். ஆயுத பூஜை வந்தால் மெஷினுக்குப் பெயிண்ட் அடித்து, சந்தனம் பூசிப் பொட்டு வைக்கிறவன் நான்தான். செல்வம் அடிபட்ட வருஷம், பேரிங் பார்க்கக் கழற்றின மேஜையைத் திரும்ப வைப்பதற்கு முன்னால், அடியிலும் பளபளன்னு இருக்கட்டுமே என்று ரெண்டு கோட் பச்சை தீட்டினதும் நான்தான். அதற்கப்புறம்தான் அவன் கடிக்குது என்றான். ரெண்டு வருஷமா அவன் கையைக் குறை சொன்னேனே, பாவி! வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். "என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது, அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

ஒரு பலகை

நாலு மூலையையும் இரும்பு தெரியச் சுரண்டி, மேஜையை இறக்கி, முடுக்கி அளந்தேன். முன்னாலும் பின்னாலும் ஒரே அளவு. செல்வத்தைக் கூப்பிட்டு, சுரண்டி எடுத்த பச்சைச் சில்லுகளை அவன் உள்ளங்கையில் கொட்டினேன். "தப்பு ஒன் கை இல்ல மாப்ள. என் பெயிண்ட்டு. என்னை மன்னிச்சுரு" என்றேன். அவன் சில்லுகளைக் கீழே கொட்டிவிட்டு மெஷினைக் காட்டினான். "முதல்ல நீங்க தள்ளுங்க" என்றான்.

ஒரு பலகையை அறுத்தேன். அவன் தள்ளி நின்று காதைக் கொடுத்துக் கேட்டான். அப்புறம் தள்ளுகட்டையை என் கையிலிருந்து வாங்கினான். காதர் பாயின் தேக்கு, ஏழடிப் பலகை.  பலகை ஒரே சீரான சத்தத்தோடு போய் அந்தப் பக்கம் இறங்கியது. மோட்டாரை நிறுத்திவிட்டு, வெட்டின ஓரத்தைப் பாதி விரலால் தடவினான். "கடிக்கல மச்சான்... அடுத்த பூஜைக்குப் பெயிண்ட் டப்பாவை மட்டும் என்கிட்டக் குடுத்துருங்க."

இப்போது எங்கள் மெஷின் பெயிண்ட் உரிந்த பழைய டவுன் பஸ் மாதிரி நிற்கிறது, செல்வமோ திருச்சி ஜவுளிக்கடைக்குத் தீபாவளித் துணி எடுக்க மட்டும்தான் போகிறான்.