கவிழ்ந்த பன்னிரண்டு தட்டுகள்

ஆய்வுக்கூடத்தில் அவளைச் சமையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாக்டீரியாவுக்குத் தீனி காய்ச்சி, கண்ணாடித் தட்டில் ஊற்றி ஆறவைப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். "வீட்டுல உப்பு கூடிப்போனா என் புருஷன் முணுமுணுத்துக்கிட்டே சாப்பிட்டுடுவாரு. இதுங்க செத்தே போயிடும்" என்று பீற்றிக்கொள்வாள்.

ஆராய்ச்சி மாணவியின் தட்டுகள் மட்டும் தனி ரகம். பாதி உறைந்த கூழ், நடுவில் ஒரே சொட்டு பாக்டீரியா. இருக்கிற இடத்தில் உள்ளதைத் தின்று தீர்த்துவிட்டு, எந்தப் பக்கம் தீனி அதிகமோ அந்தப் பக்கம் நீந்தும். ஒன்று கசியவிடும் ரசாயனத்தைத் தேடி மற்றவை வந்து மொய்க்கும். யாரும் யாருக்கும் வழி சொல்வதில்லை. ஆனாலும் மறுநாள் பார்த்தால், வட்டத்துக்குள் வட்டமாகப் புள்ளி வைத்தாற்போல நிற்கும்.

அவள் ஆய்வேட்டை மதிப்பிடும் வெளியூர்த் தேர்வாளரோ அதிலிருந்த வட்டங்களின் படத்தை நம்பவில்லை. கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவாராம். இன்று பதினொரு மணிக்கு வருகிறார், மதியமே ரயிலேறிவிடுவார். வட்டம் வளர வெதுவெதுப்பான சூட்டறையில் பதினெட்டு மணி நேரம் வேண்டும். நேற்று மாலை ஐந்து மணிக்கு மாணவி சொட்டு வைத்து முடித்து, "அக்கா, சூட்டறைல நீங்களே வச்சிடுங்க. எனக்குக் கை நடுங்குது" என்று ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

காலை ஒன்பது மணிக்குச் சமையலக்கா சூட்டறையைத் திறந்தாள். பன்னிரண்டும் தலைகீழாகக் கிடந்தன. கெட்டியாக உறைந்த தட்டுகளை, மூடியில் கோக்கும் நீர் உள்ளே சொட்டாமலிருக்கக் கவிழ்த்துத்தான் வைப்பார்கள். நேற்று நூறு தட்டுகளைக் கவிழ்த்த கை, அதே வேகத்தில் இவற்றையும் கவிழ்த்திருக்கிறது. கூழ் பெயர்ந்து மூடிக்குள் சரிந்திருந்தது. அந்த அப்பாவி ஜீவன்கள் தம் வேலையைச் செய்துதான் இருந்தன. வட்டங்கள் கந்தலாய்த் தெரிந்தன.

நிமிர்த்தினால் இருப்பதும் சிதையும். புதிதாக வைக்க நேரமில்லை. பாவி, பாவி என்று தலையிலடித்துக்கொண்டு நின்றாள். வேறென்ன செய்வாள்?

"அக்கா, வட்டம் வந்திருக்கா?"

மாணவி வாசலில் நின்றாள். இஸ்திரி போட்ட உடை, முகமெல்லாம் சிரிப்பு.

"வந்திருக்கும்மா..." சமையலக்கா கதவோரம் ஒதுங்கி வழிவிட்டாள்.

மாணவி ஒரு தட்டை மெல்லத் தூக்கி அடியில் பார்த்தாள். அடியிலிருந்த மூடியில் சமையலக்காவின் குண்டு குண்டான கையெழுத்து: 'கவிழ்க்கக் கூடாது'.

தட்டை இருந்தபடியே திரும்ப வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சமையலக்காவுக்கு.